கேமராவின் கண்

கேள்வி: இங்கிலாந்தின் மோட்டார்வேக்களில், கேமராவைக் கண்டதும் சாதுவாகி, அதைக் கடந்ததும் பறக்கிறார்களே, இந்தச் சாமர்த்தியசாலிகளுக்கு மருந்து உண்டா?

பதில்: உண்டு. 1965 டிசம்பரில் தற்காலிகமான பரீட்சையாக ஆரம்பித்து, 1967-இல் நிரந்தரமாகிவிட்ட மணிக்கு 70 மைல் என்ற வரம்பை, அங்கே பல இடங்களில் இப்போது ஒற்றைக் கேமரா காவல் காப்பதில்லை. முதற் கேமரா வண்டியின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள, சில மைல்களுக்கு அப்பால் மற்றொன்று அவ்வண்டியையே அடையாளம் கண்டு, இடைப்பட்ட தூரத்தைக் கழிந்த நேரத்தால் வகுத்துச் சராசரி வேகத்தைச் சொல்லிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடமிருந்து தப்பியவரும் இங்கே தப்ப முடியாது! வழியில் தேநீருக்கு இறங்கிச் சராசரியைச் சரிக்கட்டலாமே என்பீர்கள். தாராளமாகச் செய்யலாம், உயிரைப் பணயம் வைத்து மிச்சம்பிடித்த நிமிஷங்களை அங்கேயே குடித்துத் தீர்ப்பதில் சம்மதமிருந்தால்.

வேடிக்கை என்னவென்றால், காட்ஸோ என்று பலரும் சபிக்கும் கேமராவின் பிதாவாகிய மாரிஸ் காட்ஸோனிடெஸ், 1953-இல் மான்டி கார்லோ ராலியில் வென்ற டச்சுக்காரர். அந்த மகானுபாவர் வேகமானியை முதலில் நிர்மாணித்தது பிறரைப் பிடிப்பதற்காக அன்று, வளைவுகளில் தம் வேகத்தை அளந்து இன்னும் விரைவாக ஓட்டுவதற்காகவே.