பொன்னாடையும் லிப்டும்

(ஜவுளிப் பூங்காவுக்கென 1,052 ஏக்கர் ஒதுக்கப்பட்ட குமாரலிங்கபுரம், வேப்பமர நிழல். சம்பாஷிப்பவர் இருவர். ஒருவர், சென்னையில் ஏழு தளங்கள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கச் செயலாளர். மற்றவர் அவருடைய அத்தை. தலைமையாசிரியையாய் ஓய்வுபெற்று, அக்குடியிருப்பின் ஐந்தாம் தளத்தில் மகனோடு வசித்து, ஊருக்கே திரும்பி வந்துவிட்டவர்.)

செயலாளர்: அத்தை, முதியோர்க்கென்று ஐக்கிய நாடுகள் சபை 1990இல் வகுத்தளித்த அக்டோபர் 1ஆம் தேதியாகிய சுபதினத்தில், நம் குடியிருப்பில் எழுபது பிராயம் கடந்த அனைவருக்கும் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பதென்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. விழா மொட்டைமாடியில், நீங்கள் அவசியம் எழுந்தருளி ஆசி கூற வேண்டும்.

அத்தை: பரம சந்தோஷம், மருமகனே. ஆனால், மின்சாரச் சிக்கனத்தை உத்தேசித்து, இரண்டு லிப்டுகளில் ஒன்றை நிரந்தரமாகவும் மற்றொன்றைப் பகலில் சில மணி நேரமும் நிறுத்திவைப்பதென்று இதே சங்கம் இதே ஏகமனதோடு தீர்மானித்திருக்கிறதே. நாங்கள் மொட்டைமாடிக்கு ஏறி வருவது எவ்வாறு? ஆகாய மார்க்கமாகவா?

செயலாளர்: தாங்கள் ஏறாத லிப்டுக்குத் தாங்கள் ஏன் பராமரிப்புத் தொகை செலுத்த வேண்டுமென்று தரைத்தளத்தார் வினவும்போது, ஜனநாயகத்தில் நம்பிக்கையுள்ள ஒரு செயலாளர் என்ன செய்ய முடியும்? அன்றியும், படியேறுதல் தேகாரோக்கியத்துக்கு உகந்ததென்று வைத்தியர்களே சொல்கிறார்கள்.

அத்தை: அவர்கள் இருபது வயதுக்காரரைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். போகட்டும், வாசலில் சாய்வுப் பாதை ஒன்று கட்டினீர்களே, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டுமென்று அரசாங்கத்தின் வழிகாட்டு நெறிகள் கூறியிருக்க, நீங்கள் நான்கடியிலேயே அந்தக் கைங்கரியத்தை முடித்துவிட்டீர்கள். அதன்மீது மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவைத்திருப்பது ஒன்றே எங்களுக்குப் பாதுகாப்பு. இல்லையேல் சக்கர நாற்காலியில் இறங்குகிறவர் நேரே நடுவீதியில்தான் போய் நிற்பார்.

செயலாளர்: உண்மையைச் சொல்வதாயின் அத்தை, நகரம் முதியோர்க்கு ஏற்றதன்று. திண்ணையும் கூட்டுக்குடும்பமும் தர்மசிந்தையும் குடிகொண்டிருக்கும் இந்தக் கரிசல் கிராமமல்லவா உங்களுக்குச் சுவர்க்கம்!

அத்தை: கிராமத்தைப் புகழ்கிறவன் அங்கே வசிப்பதில்லை, மருமகனே. நோயுற்ற கிழவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியே அந்தச் சுவர்க்கத்துக்கு அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல் என்னும் கொடுமை, 2010இல் ஊரறியச் செய்தியானது இந்த மாவட்டத்திலேதான். வறுமையும், பார்த்துக்கொள்ள ஆளில்லாமையும் ஒன்றுசேரும் வீட்டில் திண்ணை என்ன செய்யும், தர்மசிந்தைதான் என்ன செய்யும்?

செயலாளர்: அப்படியாயின் முதியோர் இல்லம் இருக்கிறது. 2007ஆம் வருஷத்துச் சட்டமே மாவட்டந்தோறும் ஆதரவற்றோர் நூற்றைம்பது பேருக்கு இல்லம் அமைக்கச் சொல்கிறதே!

அத்தை: ஆதரவற்றோருக்கு அது தேவைதான். நானோ பென்ஷன் வாங்குகிறவள். என் மகன் கடன்பட்டு வாங்கிய வீட்டில், என் ஜன்னலோரத்தில், என் புத்தகங்களோடு மூப்படைய விரும்பினேன். நியூயார்க்கில், தையல் தொழிலாளர் சங்கம் முன்நின்று எழுப்பி 1962இல் திறந்த பென் சவுத் என்னும் கூட்டுறவுக் குடியிருப்பில், ஒருங்கே குடியேறியவர்கள் ஒருங்கே முதுமையெய்தியபோது, அவர்களை எங்கும் அனுப்பாமல், 1986இல் சமூகப் பணியாளரையும் செவிலியரையும் அங்கேயே கொண்டுவந்து அமர்த்தினார்கள். சிங்கப்பூரிலோ, சில தளங்களில் மட்டும் நின்றுகொண்டிருந்த லிப்டுகளைத் தளந்தோறும் நிற்கச் செய்யும் திட்டத்தை 2001இலும், குளியலறைக் கைப்பிடிக்கும் வழுக்காத தரைக்கும் மானியம் வழங்கும் திட்டத்தை 2012இலும் தொடங்கினார்கள். நம் ஜவுளிப் பூங்காவில் நாளை தையல் இயந்திரத்தின்முன் அமரப்போகிற பெண்களும் ஒருநாள் பாட்டிகளாவார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கிறவர் யார்?

செயலாளர்: நம் சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம், 2025இல் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொணரும் தாயுமானவர் திட்டம். இவற்றுக்குமேல் ஏழைச் சங்கம் என்ன செய்வது?

அத்தை: குறுக்கே நில்லாதிருந்தால் போதும். இந்த ஊரில் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வருகிற பெண் "பாட்டி" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்துவிடுகிறாள். உன் வாசலிலோ அவள் ஓ.டி.பி. சொன்னாலன்றிக் கதவு திறவாது. அந்த எண் வரும் கைப்பேசியோ அலுவலகத்துக்குச் சென்றுவிட்ட மகனிடம் இருக்கும். மக்களைத் தேடி வந்த மருத்துவம், உன் காவற்கூண்டருகே ஓ.டி.பி.யைத் தேடி நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று.

செயலாளர்: பாதுகாப்பு முக்கியமல்லவா? சரி, நீங்கள் கேட்பதெல்லாம் செய்ய நிதிக்கு எங்கே போவது?

அத்தை: பொன்னாடைக்கும் பந்தலுக்கும் பிளெக்ஸ் பலகைக்கும் நிதி எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்தே. லிப்டுக்கு எல்லாத் தளத்தாரும் பங்கு செலுத்தட்டும். இன்று ஏறாத தரைத்தளத்தார் விழாவுக்கு மொட்டைமாடி ஏறுகிறவர்கள்தாமே! தனித்திருப்போரின் பெயர்கள் காவலாளியிடம் இருக்கட்டும். காலை எட்டு மணிக்கு அவர்கள் கதவைத் தட்டிப் பார்ப்பது இன்னாருடைய வேலையென்று சம்பளம் பேசி நியமியுங்கள். கருணை நினைத்தபோது வரும், நினையாதபோது வராது. சம்பளம் வாங்குகிறவர் நாள்தோறும் வருவார்.

செயலாளர்: அற்புதமான யோசனைகள்! இவற்றைத் தீர்க்காலோசனை செய்ய ஓர் உபகமிட்டி அமைத்துவிடுகிறேன்.

அத்தை: அமை. அதில் எழுபது கடந்தவர்களைப் பாதிக்குமேல் சேர். கூட்டத்தை ஏழாம் தளத்தில் கூட்டி, அன்றைக்கு லிப்டை நிறுத்திவை. மூச்சிரைக்க வந்து சேருகிற இளைஞர்கள் மறுபேச்சின்றிக் கையெழுத்திடுவார்கள்.