இட்லித் தட்டில் கார்புரேட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் இட்லி கிடையாது. மாவு பொங்கியிருந்தது, கேஸ் இருந்தது, சட்னிக்குத் தேங்காய்கூடத் துருவியாகிவிட்டது. தட்டு மட்டும் கொல்லையில் இருந்தது. அதன் முதல் குழியில் மெயின் ஜெட், இரண்டாவதில் பைலட் ஜெட், மூன்றாவதில் ஊசியும் அதன் கிளிப்பும், நான்காவதில் மிதவையும் அதைத் தாங்கும் பொடிசான பின்னும். கார்புரேட்டரைப் பிரிக்கிறவர்களுக்கு இட்லித் தட்டைப்போல ஒரு சாதனம் கிடையாது. கழற்றிய வரிசையில் குழி குழியாக வைத்துக்கொண்டே போகலாம். திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னால் வரலாம். இதை என் மனைவிக்கு விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "கழுவினா பெட்ரோல் வாசனை போகுமா?"

போகவில்லை. இன்றோடு நாலு நாள் ஆகிறது.

இத்தனைக்கும் இந்த வேலைக்கென்றே காந்தக் கிண்ணம் ஒன்று ஏற்கெனவே வாங்கியிருந்தேன். பளபளவென்று இருக்கும். அடியில் வட்டமாகக் காந்தம். நட்டு, வாஷர் எதைப் போட்டாலும் பிடித்துக்கொள்ளும், கவிழ்த்தாலும் விழாது என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். பொய் இல்லை. ஆனால் ஜெட்டுகள் பித்தளை. பித்தளையைக் காந்தம் இழுக்காது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்; பணம் கட்டிய பிறகு ஞாபகம் வந்தது. இப்போது அந்தக் கிண்ணம் படுக்கையறைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. என் மனைவியின் ஊக்கும் கொண்டை ஊசியும் ஒன்றுகூடச் சிதறாமல் அதில் கிடக்கின்றன. "நீங்க வண்டிக்கு வாங்கினதுலேயே உருப்படியானது இதுதாங்க" என்று அவள் மனசாரச் சொன்னாள்.

முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் இப்படித்தான். வண்டிக்கு வாங்கியதெல்லாம் வீட்டுக்குள் போய்விடும், வீட்டுக்கு வாங்கியதெல்லாம் கொல்லைக்கு வந்துவிடும். அப்பாவின் எட்டு முழ வேட்டி என்ஜின் துடைக்க வந்தது. முறுக்குத் தட்டு, ஒழுகும் எண்ணெயைப் பிடிக்க வண்டிக்கு அடியில் வந்தது. பழைய பல் பிரஷ்கள் எல்லாம் செயின் தேய்க்க வந்தன. பழசு தீர்ந்துபோன ஒரு நாள் புதுசும் வந்தது. அது யாருடையது என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது.

எதிர்த்திசையில் போனவற்றில் முதல் இடம் டபிள்யூ.டி.-40 டப்பாவுக்கு. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் கண்டுபிடித்த திரவம் அது. தண்ணீரை விரட்டித் துருவைத் தடுக்க வேண்டும். கலந்து கலந்து பார்த்து நாற்பதாவது தடவைதான் சரியாக வந்தது, அதனால் அந்தப் பெயர். ஆரம்ப காலத்தில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தோலுக்குப் பூசினார்கள். குரோம்பேட்டையில் அதை ஊஞ்சல் சங்கிலிக்கு அடிக்கிறார்கள். போல்ட் இளக வேண்டி நான் தேடும்போது டப்பா பூஜை அறையில் இருக்கும். விளக்குத் திரி தள்ளும் குச்சிக்குப் பக்கத்தில். ஏன் என்று கேட்கவில்லை.

என்னிடம் இருப்பது 1987-ல் அப்பா புதுசாக எடுத்த புல்லட். திருவொற்றியூரில் பிறந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க்காரர்கள் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கே வண்டி போட ஆரம்பித்தார்கள். தாய்க் கம்பெனி 1970 வாக்கில் கடையைக் கட்டிவிட்டது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் உட்கார்ந்து, அம்மா சொல்லிக்கொடுத்த அதே குழம்பை வைத்துக்கொண்டிருந்தது. 346 சி.சி., ஒரே சிலிண்டர், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதாவது ஐம்பதுகளின் வண்டியை எண்பதுகளில் புதுசாக வாங்க முடிந்த ஊர் நம்முடையது. வாங்கியாகிவிட்டது. கழற்றுவதற்குத்தான் ஸ்பானர் கிடைக்கவில்லை.

விட்வொர்த் என்று ஒரு பழைய ஆங்கில அளவு உண்டு. என் வண்டியில் சில இடங்களில் அந்த அளவுத் தலை, சில இடங்களில் மில்லிமீட்டர். கால் அங்குல விட்வொர்த் தலைக்கு 13-ஆம் நம்பர் ஸ்பானர் உள்ளே போகாது. 14-ஐப் போட்டால் வழுக்கி மூலையைத் தின்றுவிடும். ஏனென்றால் அது 13.3 மில்லிமீட்டர். மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவே ஏதோ ஒரு நேரம்போல. இதில் இன்னொரு கூத்து: ஸ்பானர் மேல் எழுதியிருப்பது அதன் வாயின் அகலம் இல்லை, போல்ட்டின் விட்டம். பேர்தான் கால், வாய் அரைக்கு மேலே. எங்கள் சொந்தத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

அந்த ஸ்பானரைப் புதுப்பேட்டையில் பிடித்தேன். பழைய வண்டிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் குவித்திருக்கும் தெரு. மூன்று சனிக்கிழமை அலைந்து, நாலாவது சனிக்கிழமை ஒரு சாக்கு மூட்டைக்குள் கிடைத்தது. கடைக்காரர் தராசில் போட்டார். இரும்பு விலை, அவ்வளவுதான். வீட்டில் நிஜ விலையைச் சொன்ன ஒரே சாமான் அதுதான். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது என்பது பின்னால் தெரிந்தது.

விலை என்றதும் எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பேர்: நான், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர், ஒரு வக்கீல். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போவோம், பொங்கல் வடை சாப்பிட்டுத் திரும்புவோம். வேகத்தைப் பற்றி யாரும் பொய் சொன்னதில்லை. இந்த வயதில் சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்? விலையில்தான் சொல்வோம். எந்தச் சாமானுக்கும் கடை விலை ஒன்று, வீட்டு விலை ஒன்று. இரண்டுக்கும் என்ன விகிதம் என்பதற்குக் கணக்கு வாத்தியார் சூத்திரமே வைத்திருக்கிறார்: கடை விலையில் கடைசிச் சைபரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தச் சூத்திரத்தை நம்பித்தான் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். எவ்வளவு இறுக வேண்டும் என்ற எண்ணைக் கைப்பிடியில் திருப்பி வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும். அதற்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும். என் மெக்கானிக் பாய் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நமக்கு அந்த டக்கு தோள்லேயே இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு இல்லையே! இரண்டு போல்ட்டைத் தலையோடு முறித்தவன் நான். கடை விலை 3,800 ரூபாய். வீட்டு விலை 400.

"நானூறா? பரவாயில்லையே" என்றாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் மைத்துனன் வந்திருந்தான். கார் வைத்திருக்கிறான். ரெஞ்சை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பி நாலு தடவை டக் டக் என்று வைத்துப் பார்த்தான். "மாமா, நானூறு ரூபாதான்னு அக்கா சொன்னா. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றான். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினான். அக்கா பக்கத்தில் நின்றாள். நான் நூறு ரூபாய் மீதி கொடுத்தேன். 3,800 ரூபாய்க்கு இன்னொரு ரெஞ்ச் வாங்கி 400 ரூபாய்க்கு விற்ற வியாபாரி இந்தியாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன மாதம் மைத்துனன் போன் செய்தான். ஆபீசில் இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்களாம். அந்தக் கம்பெனி மூடிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் வீட்டில் வேறு மாதிரிச் சிக்கல். அவரிடம் இருப்பது யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி, 98 சி.சி., டூ ஸ்ட்ரோக். எடை கொஞ்சம், பாய்ச்சல் அதிகம். அதனால் திருடர்களுக்கும் பிடிக்கும். அந்தப் பயத்தில் அவர் வாசலில் கேமரா மாட்டினார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து போனில் பார்ப்பார். தெருப் பூனை ஒன்று சீட்டில் படுத்து நகத்தைத் தீட்டுவது தெளிவாகத் தெரிந்தது. புது சீட் உறை போட்டார். பூனைக்குப் பழசைவிட அது பிடித்தது. வண்டி முழுக்க மூடும் தடித்த கவர் வாங்கினார். பூனை கவருக்குள் புகுந்து, டேங்க்குக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே நாலு குட்டி போட்டது. குட்டிகள் கண் திறந்து இறங்கும்வரை வண்டியை எடுக்கக் கூடாது என்று அவர் அம்மா உத்தரவு. ஐந்து வாரம் எங்களோடு மாமல்லபுரத்துக்கு ஸ்கூட்டரில் வந்தார். கேமரா வீண் போகவில்லை; குட்டிகள் பால் குடிப்பதை அம்மா அதில்தான் பார்த்தார்.

கணக்கு வாத்தியாரும் புல்லட்காரர்தான். ஜி.பி. ரோட்டில் குரோம் பூசிய பழைய ஹெட்லைட் வளையம் ஒன்றை வாங்கினார். வண்டியில் மாட்டினால் கீறல் விழும் என்று வரவேற்பறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் பூ உண்டு. வக்கீல் முழங்கை, தோள், முதுகு எல்லாவற்றிலும் கவசம் வைத்த ஜாக்கெட் வாங்கினார். அக்னி நட்சத்திரத்தில் அதைப் போட்டுக்கொண்டு வந்தவரைத் திருவான்மியூர் சிக்னலில் இளநீர் கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது. சிரித்தோம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் வக்கீல் கட்சி. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று நீதிமன்றம் சொன்னபோது, நடைபாதையில் குவித்து விற்றதை வாங்கிய ஆள் நான். ஒரு தடவை கைதவறிக் கீழே போட்டேன், இளநீர் மாதிரியே பிளந்தது. ஹெல்மெட்டின் விலையைக் குறைத்துச் சொல்லலாம், குறைத்து வாங்கக் கூடாது.

இனி கார்புரேட்டருக்கு வருகிறேன். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரத்துக்கு ஒரு நாள் ஓடும் வண்டியில் பைலட் ஜெட் அடைத்துக்கொள்கிறது. அதன் துளையில் தலைமுடி போகும், ஊசி போகாது. பாய் வாயால் ஊதுவார். எனக்கு அது போதவில்லை. அல்ட்ராசோனிக் கிளீனர் ஒன்று வாங்கினேன். சின்னத் தொட்டியில் தண்ணீர். நொடிக்கு 40,000 தடவை அதிரும். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி உடைந்து, உடைகிற வேகத்தில் அழுக்கைப் பெயர்த்து எடுக்கும். நகைக்கடைகளிலும் பல் மருத்துவர்களிடமும் இதைப் பார்க்கலாம். நகைக்கடை என்ற வார்த்தையை நான் வாய்தவறி வீட்டில் சொல்லிவிட்டேன்.

முதல் நாளே கொலுசு இறங்கியது. தண்ணீர் மை மாதிரிக் கறுத்தது, கொலுசு நிலா மாதிரி வெளியே வந்தது. மறுநாள் மாடி வீட்டு மாமி மூக்குத்தியோடு வந்தார். அதன் பிறகு தெருவே வந்தது. முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் என்றால் எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. கார்புரேட்டரோடு நான் போய் நின்றால், "இருங்க, இன்னும் மூணு பேர் இருக்காங்க" என்கிறாள். பதிலுக்கு நார்த்தங்காய் ஊறுகாய், வடகம், ஒரு தடவை அரைக் கிலோ திரட்டுப்பால். என் கொள்முதலில் வருமானம் கொடுத்தது அது ஒன்றுதான். அந்த வரிசையில் இடம் கிடைக்காமல்தான் போன ஞாயிற்றுக்கிழமை ஜெட்டுகள் இட்லித் தட்டில் காத்துக்கிடந்தன.

ஒருவழியாக நாலு குழியும் காலியாகி கார்புரேட்டர் மாட்டியாகிவிட்டது. சைலன்சர் பக்கத்து நட்டை இறுக்க வேண்டும். கால் அங்குல விட்வொர்த்தைக் காணோம். ஆணியில் இல்லை, பெட்டியில் இல்லை, பூஜை அறையிலும் இல்லை.

"அந்தத் துருப்பிடிச்ச ஸ்பானரா? எடை போட்டு வாங்கினதுன்னு சொன்னீங்களே" என்றாள் உள்ளேயிருந்து. செவ்வாய்க்கிழமை பழைய இரும்பு வண்டிக்காரர் வந்தாராம். பழைய பேப்பர், உடைந்த பக்கெட்டோடு அதையும் போட்டிருக்கிறாள். முன்பாவது பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். இப்போது காசுதான், அதில் புது இட்லித் தட்டு வாங்கப் பத்து ரூபாய் சேர்ந்ததாம்.

வண்டி கொல்லையில் நிற்கிறது. யாரிடமாவது கால் அங்குல விட்வொர்த் ஸ்பானர் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். போன் செய்தால் முதலில் என் மனைவி எடுக்கக்கூடும். தொகையை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.