மேனாமினுக்கிப் பெட்டி

வெனீர் என்பது நல்ல மரத்திலிருந்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவி எடுக்கப்படும் ஏடாகும். அதனை மலிவான ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டி, பெட்டி முழுவதும் தேக்கென்றோ ஈட்டியென்றோ காண்போரை நம்பவைப்பதே இக்கலையின் நோக்கமாகும். இது இன்று நேற்றுத் தோன்றிய தந்திரமன்று. எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையிலிருந்து 1922க்குப் பின் எடுக்கப்பட்ட பேழைகள் சிலவற்றிலும் கருங்காலியும் தந்தமும் மேலே ஒட்டப்பட்டிருந்தன. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினியோ, ஒரே மரத்தைப் பலமுறை விற்பதற்கென்றே இத்தொழில் கண்டுபிடிக்கப்பட்டதாகக் குறைகூறியிருக்கிறார். அக்குறையால் தொழில் சற்றும் தளர்ந்ததாகத் தெரியவில்லை.

பகட்டுக்காகச் செய்யப்படும் இப்பெட்டி, பகட்டுக்கு அப்பாலும் நேர்மையை வற்புறுத்துவதே வேடிக்கை. பசையின் ஈரத்தால் விரிந்த ஏடு உலரும்போது சுருங்கிப் பலகையை இழுத்து வளைத்துவிடுமாதலால், யாரும் எட்டிப் பாராத உட்புறத்திலும் ஓர் ஏட்டை ஒட்டியே தீரவேண்டும். பசை பிடிக்கும்வரை பலகையைச் சமமாக அழுத்தி வைக்கவேண்டியிருப்பதால், மிக்ஸி வந்த நாள்முதல் ஓய்வூதியம் பெற்றுவரும் அம்மிக்கல் மீண்டும் பணிக்கு அழைக்கப்படுகிறது. அழுத்தம் எட்டாத இடத்தில் ஏடு உப்பிநிற்கும். நகத்தால் தட்டினால் அவ்விடம் வெற்றொலி எழுப்பும். அங்கே மரத்தின் ரேகையை ஒட்டிக் கீறி, பசை செலுத்தி, வெதுவெதுப்பான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவது மரபு. அன்று வீட்டார் கசங்கிய சட்டையுடன் வெளியே செல்வதும் மரபேயாகும்.

மூடியைத் தனியே செய்யாமல், ஆறு பக்கமும் அடைத்த பெட்டியாகச் செய்து முடித்தபின் வாளால் அறுத்து மூடியைப் பிரிப்பதே சிறந்த முறையென்பர். அப்போதுதான் மரத்தின் ரேகை பெட்டியிலிருந்து மூடிக்கு அறுபடாமல் ஓடும். ஆயினும் அறுப்பதற்கு முந்திய நிலையிலேயே பெட்டி தன் அழகின் உச்சத்தில் இருப்பதால், வாளை எடுக்க மனம்வராதோர் திறக்கவே இயலாத அருமையான பெட்டியோடு நின்றுவிடுவதுண்டு. துணிந்து அறுத்தவரும் முன்பக்கத்தை முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். செவ்வகப் பெட்டியின் மேல் மூடியை வைக்க இரண்டே வழிகள் உளவெனினும், குறிக்காதவருக்கு முதலில் வாய்ப்பது எப்போதும் மற்ற வழியே.

எஞ்சியிருப்பது கீல், அதாவது ஓர் அச்சில் சுழலும் இரண்டு உலோகத் தகடுகள். இவற்றுக்கென உளியால் கொத்தும் பள்ளம் ஆழம் மிகுந்தால் மூடியின் முன்பக்கம் வாய் பிளந்து நிற்கும். ஆழம் குறைந்தால் பின்பக்கம் இடைவெளி காட்டும். பித்தளைத் திருகு மென்மையானதாகையால், அதே அளவுள்ள இரும்புத் திருகை முதலில் செலுத்தி வழியமைத்த பின்னரே அதனைச் செலுத்தவேண்டும். அவசரப்பட்டால் திருகின் தலை ஆணித்திருப்பியோடு வந்துவிட, உடல் மரத்திலேயே தங்கிவிடும். திருகு நீளம் மிகுந்திருந்தாலோ, அரும்பாடுபட்டு ஒட்டிய வெனீரைத் துளைத்துக்கொண்டு மூடியின் மேல் முனை காட்டும்.

மரத்தின் தரத்தை வெனீர் மறைக்கும். செய்தவரின் தரத்தைக் கீல் மறைக்காது. ஆகவே பெட்டி செய்யப் புகுவோர் பலகைக்கு முன்பே கீலை வாங்கிவிடுதல் நன்று. பெட்டிச் சுவரின் கனத்தை முடிவுசெய்வது கீலின் அகலமேயன்றி, செய்பவரின் விருப்பமன்று.