ஊர்ப் பொது ஃபோன்

சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் ரெக்சின் பை, பைக் டேங்க் கவரில் வீட்டு வரி ரசீதுப் புத்தகம். ஊராட்சி செயலர் என்றால் ஒரு காலத்தில் இவ்வளவுதான் அடையாளம். இப்போது பேனா ஒன்றாகக் குறைந்துவிட்டது. வரி ஆன்லைனுக்குப் போய்விட்டதால் ரசீதுப் புத்தகத்தைக் காணவில்லை. காலியான எல்லா இடத்தையும் ஒரு ஃபோன் பிடித்துக்கொண்டது. செயலர் என்பது அரசாணையில் இருக்கும் பெயர். ஊருக்குள் அவர் கிளார்க் அண்ணன். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. தலைவர் மாறுவார், தனி அலுவலர் வருவார், போவார். கிளார்க் அண்ணன் மட்டும் அங்கேயே இருப்பார், அவர் ஃபோனும் சார்ஜரில் இருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஃபோன் அவர் சொந்தக் காசில் வாங்கியது. தவணை அவருடையது, ரீசார்ஜ் அவருடையது. அரசாங்கத்தின் பங்களிப்பு, செயலிகள். வரிக்கு ஒன்று, கட்டட அனுமதிக்கு ஒன்று, கிராம சபைக்கு ஒன்று, கணக்கெடுப்பு வந்தால் அதற்கொன்று. போதாதென்று, அட்சரேகை தீர்க்கரேகையோடு படம் எடுக்கும் இலவச கேமரா செயலியும் உண்டு. சாக்கடை தூர்வாரிய படத்தை அதில் எடுத்து முடிப்பதற்குள் மூன்று ரம்மி விளம்பரம் ஓடிவிடும். அந்தச் செயலி எந்த நாட்டுக்காரனுடையது, படம் எங்கெங்கே போகிறது என்று ஒன்றியத்தில் யாரும் கேட்டதில்லை. படத்தில் இடமும் நேரமும் விழுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"அலுவலகப் பணிக்குப் பயன்படுத்தும் கைபேசிகளைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும்" என்று ஒருமுறை சுற்றறிக்கை வந்தது. கிளார்க் அண்ணன் அன்றைக்கே டவுனுக்குப் போய், முன்பக்கம் கண்ணாடி ஒட்டி, பின்பக்கம் தடித்த ரப்பர் உறை போட்டு, மழைக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையும் வாங்கிவந்தார். ஆயுத பூஜைக்கு மோட்டார் ரூம் சாவியோடு ஃபோனுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். மேல்நிலைத் தொட்டியின் உச்சியிலிருந்து விழுந்தாலும் உடையாத நிலைக்கு அதைக் கொண்டுவந்துவிட்டார். சுற்றறிக்கைக்கு இதைவிட எப்படிக் கீழ்ப்படிவது?

ஆனால் பின் நம்பர் ஊருக்கே தெரியும். டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும், தூய்மைக் காவலர் அக்காவுக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும், அவர் மகனுக்குக் கேம் விளையாடத் தெரிந்தாக வேண்டும். இதற்கு அண்ணன் வைத்திருக்கும் நியாயத்தை நான் எதிர்த்துப் பேசிப் பார்த்திருக்கிறேன். தோற்றதுதான் மிச்சம்.

"தம்பி, நான் ஒன்றியத்துல மீட்டிங்ல இருப்பேன். அஞ்சாவது வார்டு தெருவிளக்கு போட்டோ பத்து நிமிஷத்துல வேணும்பாரு பி.டி.ஓ. எடுத்து அனுப்புறது யாரு? ஆபரேட்டர்தானே? அவன்கிட்ட ஃபோனக் குடுத்துட்டு நம்பரச் சொல்லாம இருந்தா, வீட்டச் சுத்திக் காட்டிட்டுச் சாவியத் தர மாட்டேன்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

"மீட்டிங்குக்கு ஃபோன் இல்லாமலா போவீங்க?"

"அதுக்குத்தான் என் சம்சாரம் ஃபோன எடுத்துட்டுப் போவேன்."

அந்த ஃபோனில் என்னென்ன செயலி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஒன்றிய அலுவலகத்தில் இணையப் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். முதல் வரிசை, மடித்த கைக்குட்டை, திறந்த நோட்டு. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி நான்கும் இருக்க வேண்டும் என்றார் பயிற்சி தந்த இளைஞர். அண்ணன் குறித்துக்கொண்டார். ஊர்ப் பெயர், பக்கத்தில் ஒரு அட் குறி, 123. நான்கும் வந்துவிட்டதா? வந்துவிட்டது. பக்கத்து ஊராட்சியின் கிளார்க் அண்ணனும் அதையேதான் எழுதினார், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி. மறக்காமல் இருக்க, மோட்டார் ரூம் சுவரில் தண்ணீர் விடும் நேரத்துக்குக் கீழே சாக்பீஸால் எழுதியும் வைத்தாயிற்று.

அதே பயிற்சியில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் சொன்னார்கள். அதிகபட்சம் 250 கோடி ரூபாய் என்று இளைஞர் சொன்னதும் அண்ணன் கையைத் தூக்கினார். "எந்த நிதியில சார் விடுறாங்க? ஊராட்சிக்கு எவ்வளவு வரும்?" அது அபராதம் என்று விளக்கியதும் நோட்டை மூடிவிட்டார்.

அவர் ஃபோனின் கேலரியைத் திறப்பவர்களுக்கு இதயம் உறுதியாக இருக்க வேண்டும். முதல் வரிசையில் தூர்வாரிய கால்வாய். இரண்டாவதில் தங்கச்சி மகளின் சடங்கு. மூன்றாவதில் பிளீச்சிங் பவுடர் மூட்டை. அதற்குக் கீழே ஊரே இருக்கிறது: ஆதார் முன்பக்கம், ஆதார் பின்பக்கம், ரேஷன் அட்டை, வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம், கைரேகை வைத்த மனு. எந்தத் திட்டம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் அன்று மாலைக்குள் பட்டியல் வேண்டும். அதனால் ஒருமுறை எடுத்த படத்தை அண்ணன் அழிப்பதே கிடையாது. ஒருநாள் கோயில் கொடைப் படங்களை ஸ்டேட்டஸில் போட்டபோது, நடுவில் மேலத்தெரு ஒருவரின் பாஸ்புத்தகமும் சேர்ந்து போய்விட்டது. இருப்புத் தொகையோடு. மறுநாள் அவரிடம் மூன்று பேர் கைமாற்று கேட்டார்கள்.

இதையெல்லாம் கவனக்குறைவு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு விஷயம் மட்டும் என்னைச் சிரிக்க விடுவதில்லை. ஊரில் தனியாக இருக்கும் பாட்டிகளுக்கு ஃபோன் கிடையாது. கேஸ் இணைப்பா, ரேஷனா, வங்கியா, எங்கே எண் கேட்டாலும் அவர்கள் கொடுப்பது கிளார்க் அண்ணன் நம்பர்தான். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறிய செய்தி வந்து விழுவதும் அவர் ஃபோனில்தான். அன்றைக்கு அவர் தெருவில் இறங்கினால், "ஏப்பா, எனக்கு வந்திருச்சா?" என்று திண்ணைக்குத் திண்ணை குரல் வரும். வந்திருச்சு ஆத்தா, வந்திருச்சு அத்தை என்று சொல்லிக்கொண்டே போவார். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் குறைந்ததாக ஊரில் பேச்சே எழுந்ததில்லை. ஆக, பின் நம்பரும் பாஸ்வேர்டும் வெறும் சடங்கு. ஊரின் ரகசியங்களுக்கு உண்மையான பூட்டு அந்த மனிதர்தான். பூட்டு சாப்பிடப் போகும், தூங்கும், ஃபோனைச் சார்ஜரில் போட்டுவிட்டுக் குளிக்கவும் போகும் என்பதுதான் சிக்கல்.

மேலிடம் மனிதரை நம்புவதில்லை, செயலியை நம்புகிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். நாளுக்கு இரண்டு படம், இடமும் நேரமும் தானாகப் பதியும், தில்லுமுல்லுக்கு இடமே இல்லை என்றார்கள். 2025 ஜூலையில் அதே ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, ஒரே படம் பல பட்டியல்களில் வருகிறது, படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள். இதற்குத் தீர்வாக, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் சரிபார்க்கச் சொன்னார்கள். எந்த ஃபோனில் பார்ப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கடைசியில் அந்தப் பத்திரிகை வந்தது. வாட்ஸாப்பில், தெரியாத எண்ணிலிருந்து, திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் ஒரு கோப்பு. பெயரின் வாலில் ஏ.பி.கே. என்று இருந்தது. பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், ஏ.பி.கே. என்றால் ஃபோனுக்குள் குடியேற வரும் செயலி. இந்த மோசடி பற்றி 2024-இன் கடைசியிலேயே போலீஸ் எச்சரிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. அண்ணனுக்கும் எச்சரிக்கை வந்திருந்தது. அதுவும் வாட்ஸாப்பில் கோப்பாக வந்ததால், அவர் ஜாக்கிரதையாக அதைத் திறக்கவில்லை.

பத்திரிகையைத் திறந்தார். அனுமதி கேட்ட இடத்திலெல்லாம் சம்மதம் கொடுத்தார். கல்யாண வீட்டில் கேட்டால் யார் மறுப்பார்கள்? குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமையும் அதில் அடக்கம். சாயங்காலத்துக்குள் அவர் ஃபோனே அவரைக் கேட்காமல் வார்டு குழு, தூய்மைக் குழு, கோயில் குழு, ஒன்றியக் குழு அனைத்துக்கும் பத்திரிகை வைத்துவிட்டது. அண்ணன் வைத்த பத்திரிகையாயிற்றே, எல்லோரும் திறந்தார்கள். மறுநாள் காலை வாசலில் கூட்டம்.

"பத்திரிகை தொறக்க மாட்டேங்குதுண்ணே. யாருக்குக் கல்யாணம்?"

"மண்டபம் எங்க மாமா?"

"போன தடவ எங்க வீட்டுக்கு நீ ஐந்நூறு செஞ்ச. நோட்டுல இருக்கு. தேதி மட்டும் சொல்லு."

டேங்க் ஆபரேட்டர் மட்டும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கணக்கிலிருந்து நாலாயிரம் ரூபாய் மொய் ஏற்கெனவே போயிருந்தது.

விஷயம் ஒன்றியத்துக்குப் போய், அதிரடி நடவடிக்கையாகக் குழுவில் ஒரு உத்தரவு வந்தது. எல்லா ஊராட்சிகளும் உடனடியாகப் பாஸ்வேர்டை மாற்றி, மாற்றிய பாஸ்வேர்டை இதே குழுவில் பதிவிடவும். அண்ணன்தான் முதலில் பதிவிட்டார். 123 போய் 1234 வந்திருந்தது.

இத்தனையிலும் ஒரே நல்லது, ஃபோன் தொலையவில்லை. தொலைந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் நகலோடு பதிந்து அந்த ஃபோனை முடக்கலாம். அதற்கு அதன் ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். எல்லா எண்களையும் சுவரில் எழுதிய அண்ணன் அதை மட்டும் எங்கும் எழுதவில்லை. ஃபோன் வந்த அட்டைப் பெட்டியில் அது அச்சாகியிருக்கும். பெட்டியில் இப்போது அலுவலக ரப்பர் ஸ்டாம்புகள் இருக்கின்றன.

என் தீர்ப்பு அண்ணனுக்கு எதிரானதில்லை. ஊராட்சி வேலைக்கு ஊராட்சி ஃபோன் வாங்கித் தரட்டும். அதில் வேலைச் செயலிகளைத் தவிர வேறொன்றும் ஏறாதபடியும், தொலைந்தால் ஒன்றியத்திலிருந்தே துடைத்துவிடும்படியும் செய்யட்டும். இதற்கான மென்பொருள் கம்பெனிகளில் வெகுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது, ராக்கெட் வித்தை எதுவும் வேண்டாம். சாக்கடைக்கு மூடி போட மதிப்பீடு தயாரிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது தெரியாததல்ல.

அதுவரை, வெளியூரிலிருந்து இதைப் படிக்கும் பேரன் பேத்திகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆத்தாவின் ரேஷன் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் யார் நம்பர் இருக்கிறது என்று பார்த்து, உங்கள் நம்பரை ஏற்றிவிட்டு வாருங்கள். கிளார்க் அண்ணனைப் பார்த்தால் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தச் சொல்லி, வரும் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 1930-க்கு அடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அதை மட்டும் மோட்டார் ரூம் சுவரிலேயே எழுதலாம், தப்பில்லை.