லாசருக்கு எந்தக் கல்லறை?

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் தென்பெண்ணையின் கரை கொள்ளாது. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். சனம் முழுக்குப் போடும். ஆற்றுத் தண்ணீரா பாவத்தைக் கழுவும் என்று கேட்டுச் சிரிக்கும் கிறிஸ்தவர்கள் உண்டு. நானும் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். அதனால் என் ஆட்களையே கேட்கிறேன். நம் தண்ணீர் எதைக் கழுவியது? ஏதேன் தோட்டத்தில் ஆதாம் செய்த பாவத்தை, நேற்றுப் பிறந்த பிள்ளையின் தலையிலிருந்து ஒரு கிண்ணத் தண்ணீரில் போக்கிவிடுகிறோம். அதே பிள்ளையின் பாட்டன் சாதி மட்டும் ஒரு சொட்டும் நனையாமல் வெளியே வந்துவிடுகிறது.

மணலூர்பேட்டை இருக்கும் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். செபமாலை அன்னைக்குப் பெரிய கோயில். புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பழைய பங்கு. அங்கே வன்னியர் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே மாதாவைக் கும்பிட்டார்கள். ஆனால் தலித்துகளுக்குக் கோயிலுக்குள் தனி இடம், தனிக் கல்லறை, தனிச் சவ வண்டி. அவர்கள் வீட்டுப் பிணம் பெரிய தெரு வழியாகப் போகக் கூடாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்கள், சகாய அன்னை ஆலயத்தை வைத்து எங்களுக்குத் தனிப் பங்கு கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்.

வந்ததே கோபம்! தலைமுறை தலைமுறையாகத் தனி, தனி என்று ஒதுக்கி வைத்தவர்களுக்கு, ‘சரி, தனியாகவே கொடுங்கள்’ என்று எதிராளி கேட்டதும் ஒற்றுமை மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. மார்ச் 9-ல் தலித் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. போலீஸ் சுட்டது. செத்த இருவரும் வன்னியர் கிறிஸ்தவர்கள். யாரைத் தெருவில் நடக்கவிடக் கூடாது என்பதற்காக யார் வீட்டு மகன்கள் போனார்கள் பாருங்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அந்த வருடச் சுழற்சியில் அன்றைக்குப் பூசையில் வாசிக்க வேண்டிய நற்செய்தி, லாசரைக் கல்லறையிலிருந்து இயேசு எழுப்பிய கதை. நாலு நாள் நாறிக்கிடந்த பிணத்தின் முன்னால் நின்று, கல்லை எடுங்கள் என்கிறார். எறையூராக இருந்திருந்தால் அதற்கு முன் சில விசாரணைகள் நடந்திருக்கும். லாசர் எந்தத் தெரு? எந்தக் கல்லறையில் கிடக்கிறான்? உயிரோடு எழுந்து வீட்டுக்குப் போவதென்றால் எந்த வழியாகப் போவான்? பதில் சரியாக வராவிட்டால், ஆண்டவரே, அவன் கிடந்தபடியே கிடக்கட்டும்.

எறையூரை மட்டும் சொல்லி மற்றவர்கள் தப்பிக்க முடியாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு கூடமாகக் கால்சட்டை வடிவத்தில் கோயிலே கட்டினார்கள். இரண்டு காலும் சேரும் இடத்தில் பீடம். உள்ளிருந்த தடுப்பை 1910-ல் இடிக்க வேண்டியதாயிற்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் செத்தவர்களுக்கு நடுவில் சுவர். இந்திய ஆயர்கள் 2016-ல் தலித் மக்களுக்கென்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில் ஒப்புக்கொள்வதில் நமக்கு என்றும் குறைவில்லை. ஞாயிறன்று மார்பில் அடித்துக்கொண்ட கையாலேயே திங்களன்று ‘ஆர்.சி., அதே பிரிவில் மணமகன் தேவை’ என்று விளம்பரமும் எழுதுகிறோம்.

இந்த ஊரில் கிறிஸ்தவத்தை முழுசாக நம்பும் ஒரே ஆள் அரசாங்கம்தான். கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று பவுல் எழுதினாலும் எழுதினார், அதைப் பட்டியல் சாதிகள் பற்றிய 1950 ஆணை அப்படியே பிடித்துக்கொண்டது. சீக்கியர்களை 1956-ல் பட்டியலில் சேர்த்தார்கள், பௌத்தர்களை 1990-ல் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான தலித்துக்கு இன்னும் இடம் இல்லை. அவருக்குத்தான் சாதியே கிடையாதே! அதை விசாரிக்க 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் போட்டார்கள். பெரிய தெருவில் பிணத்தை மறித்தவனிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பான்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் வரும் பதில்தான் எனக்கு ஆத்திரம் மூட்டுவது. “விடுங்க தம்பி, எல்லாருமே பாவிகதானே?” ஆமாம், எல்லோரும் பாவிகள். தலித்திடமும் பாவம் உண்டு, எழுதுகிற என்னிடமும் உண்டு. சாதி பார்க்காமல் நம்மிடையே சமமாகப் பங்கு வைக்கப்பட்டது அது ஒன்றுதான். ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலிட்டு, ‘சாமி, ஊரே திருடுது’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தால் அதற்குப் பெயர் பாவசங்கீர்த்தனமா, புறணியா? உன் பாவத்தைச் சொல், எடுத்ததைத் திருப்பிக் கொடு என்பதுதான் ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுத்தது. எல்லோர் மேலும் இருக்கும் பாவத்தைக் காட்டி ஒருவர் மேல் நடந்த அநியாயத்தைத் தள்ளுபடி செய்வதற்கு எந்த வேதத்தில் இடம் இருக்கிறது?

எரிகோவில் சக்கேயு என்றொரு வரி வசூல்காரன். காட்டு அத்தி மரத்தில் ஏறி இயேசுவை வேடிக்கை பார்த்தவன். இறங்கி வா என்றதும் இறங்கினான். வரி வாங்குகிறவன் எல்லாருமே இப்படித்தான் சாமி என்று அவன் தத்துவம் பேசவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியது இருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அந்தக் கணக்கில் மறிக்கப்பட்ட ஒரு தெருவுக்கு எத்தனை தெரு, பூட்டப்பட்ட ஒரு சவ வண்டிக்கு எத்தனை வண்டி என்று நாம் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். நாமோ இன்னும் மரத்திலிருந்தே இறங்கவில்லை. அதிலும் எந்தக் கிளை எந்தச் சாதிக்கு என்று பிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம்.