பம்புக்கு ஒரு பம்பு

கே: ஹார்ட் அட்டாக் வந்த மாமா ‘ஷாக்கில் இருக்கிறார்’ என்றார் டாக்டர். ‘எங்களுக்கும்தான் ஷாக்’ என்று அழுதாள் அத்தை. எது அசல்? (திண்டுக்கல் வாசகர்)

ப: இரண்டும். அத்தைக்கு மனசில், மாமாவுக்கு ரத்த ஓட்டத்தில். இதயத் தசை பெரிதாக அடிவாங்கி, அது தள்ளுகிற ரத்தம் உடம்புக்குப் போதாமல் போவதுதான் கார்டியோஜெனிக் ஷாக். கை கால் ஜில்லிடும், நெற்றி வியர்க்கும், யூரின் பையில் சொட்டு நிற்கும். இப்படி ஆனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை.

கே: ஸ்டென்ட் வைத்து அடைப்பை எடுத்துவிட்டால் தீர்ந்ததே? (கரூர் வாசகர்)

ப: முதல் வேலை அதுதான், மறுப்பேயில்லை. ஆனால் குழாய் அடைப்பு போனதும், சூடேறிக் கிடக்கும் மோட்டார் காயில் உடனே ஆறிவிடுமா? அது ஆறும்வரை தண்ணீருக்கு வழி?

கே: பலூன் பம்பு என்கிறார்களே, அது? (மாயவரம் வாசகி)

ப: 1967-ல் புரூக்ளினில் அட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் முதலில் நோயாளிக்கு வைத்தார். மகாதமனிக்குள் ஒரு நீளப் பலூன். இதயம் ஓய்வெடுக்கையில் உப்பும், சுருங்கப்போகும் நொடியில் சப்பிவிடும். உள்ளே ஹீலியம்; லேசான வாயு என்பதால் சட்டென்று போய் வரும். அழகான யோசனை. உலகமே நாற்பது வருடத்துக்கு மேல் நம்பியது. 2012-ல் ஜெர்மனியில் 600 பேரிடம் சோதித்தார்கள். 30 நாளில் இறந்தவர்கள்: பலூன் வைத்தவர்களில் 39.7 சதவீதம், வைக்காதவர்களில் 41.3. பலூனில் ஊசி குத்தியாகிவிட்டது.

கே: எக்மோ என்றால் எழும்பூரில் இருப்பதா? (சைதாப்பேட்டை வாசகர்)

ப: அது எக்மோர், அங்கே ரயில் கிடைக்கும். எக்மோ, ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும். 2020-ல் பாடகர் எஸ்.பி.பி.க்கு வைத்தபோது தமிழ்நாடே இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது. அவருக்குச் சிக்கல் கொரோனா தாக்கிய நுரையீரலில். இதய ஷாக்கில் கதை வேறு: தொடை வழியே மெஷின் மேல்நோக்கித் தள்ளும் ரத்தத்தை எதிர்த்து, களைத்த இதயம் கதவைத் திறந்தாக வேண்டும். 2023-ல் வந்த ஜெர்மானிய ஆய்வில், மெஷின் வைத்தாலும் வைக்காவிட்டாலும் 30 நாள் சாவு கிட்டத்தட்ட ஒன்றே.

கே: அப்படியென்றால் எதுதான் வேலை செய்கிறது? (மாயவரம் வாசகி, விடாமல்)

ப: உங்கள் பிடிவாதத்துக்குப் பலன் உண்டு. 1970-களில் எகிப்து போன ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க டாக்டர், ஆர்க்கிமிடிஸ் திருகால் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தார். நம் ஏற்றத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதையே குட்டியாக்கி இதயத்துக்குள் விட்டால் என்ன என்று யோசித்தார். 1988-ல் ஹீமோபம்ப் முதல் நோயாளிக்குள் போனது. இன்றைய இம்பெல்லா அந்த வழிதான். பென்சிலைவிட ஒல்லி. தொடை நாளம் வழியாக ஏறி, இடது கீழறைக்குள் மூக்கை நுழைத்து, நிமிடத்துக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல் சுழன்று மூன்றரை லிட்டர் வரை இறைக்கும். 2024-ல் வெளியான டேன்ஜர் ஷாக் ஆய்வில் 180 நாளில் இறந்தவர்கள்: இம்பெல்லா வைத்தவர்களில் 45.8 சதவீதம், வைக்காதவர்களில் 58.5. வெறும் 355 பேரைச் சேர்க்கப் பத்து வருடம் பிடித்தது. ஆய்வை முன்நின்று நடத்திய டென்மார்க்காரர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

கே: பிறகென்ன, எல்லாருக்கும் மாட்டிவிடலாமே! (கரூர் வாசகர்)

ப: அவசரக்காரர் ஐயா நீங்கள். அதே ஆய்வில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள்: இம்பெல்லா வைத்தவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 27. ரத்தக்கசிவும், கால் ரத்த ஓட்டம் தடைபடுவதும் கூடுதல். இதயம் நின்றுபோய்க் கோமாவில் வந்தவர்களை ஆய்வில் சேர்க்கவேயில்லை. பெரிய அட்டாக், இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்திருக்கிறது, நினைவு இருக்கிறது என்றால் பேசலாம். மற்றவர்களுக்கு இந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டி விற்றால், நான் பில்லை இரண்டு முறை படிப்பேன்.

கே: வைத்தால் எத்தனை நாள்? (திண்டுக்கல் வாசகர்)

ப: பெரும்பாலும் சில நாள். அதுவரை பம்பு நுழைந்த காலை மடக்கக் கூடாது. நர்ஸ் அடிக்கடி போர்வையை விலக்கிப் பாதம் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். கடைசிப் படியிலும் பிரஷர் நின்றால் உருவிவிடுவார்கள். ‘காலை மடக்காதீங்க தாத்தா’ என்று அதட்டியவரே அடுத்த நாளோ மறுநாளோ, ‘எழுந்து உட்காருங்க’ என்பார்.