பூச்சியத்துக்குக் கீழே ஒரு சட்டப் படிப்பு

கனடாவில் சட்டம் படிக்க உங்களுக்கு எவ்வளவு வாய்ப்பு? வெளிநாட்டுப் படிப்பு முகவர்கள் இப்போது இலவசமாகவே கணித்துச் சொல்கிறார்கள். பதுளை மாவட்டத்துத் தோட்டப்புறங்களான பசறைக்கும் லுணுகலைக்கும் நாமே கணக்குப் போட்டுவிடுவோம்.

முதலில் ஒரு பட்டம் வேண்டும். அப்புறம் எல்சாட் என்ற நுழைவுப் பரீட்சை. புள்ளி 120இல் தொடங்கி 180இல் முடியும். ஒரு கேள்விக்கும் சரியான விடை எழுதாதவருக்குக்கூட 120 உண்டு. பெரிய மனசு. எங்கள் நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி அப்படியல்ல. அது பூச்சியத்துக்குக் கீழும் போகும்.

அடுத்தது சுய விளக்கக் கடிதம். வாழ்க்கையில் சந்தித்த இடர்களை எழுது என்பார்கள். கொழும்புச் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளை பாவம், இடரைத் தேடிக் கண்டுபிடிக்கவே காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டும். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்குத் தாள் போதாது. வீடு என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரியும் என்று 2005இலேயே சொன்னார்கள். 2011இலும் சொன்னார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் சரிந்தது. எச்சரிக்கை ஒழுங்காக வந்தது. மாற்று இடம்தான் வரவில்லை. இதை எழுதினால் கனடாக்காரர் கண்ணீர் விடுவார். விசா அதிகாரி விடமாட்டார்.

அவருக்கு வேண்டியது வங்கிக் கணக்கு. கல்விக் கட்டணம் தனி. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காட்ட வேண்டிய தொகையை 2024 ஜனவரியில் 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635 ஆக்கினார்கள். பிறகு அதையும் கூட்டினார்கள். டொலருக்கு 220 ரூபாய் என்று வைத்தால் அந்த 20,635 டொலரே 45 இலட்சம். 2024 செப்டெம்பரில் தோட்டத்து நாள் சம்பளம் 1350 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால் 11 வருடச் சம்பளம். அந்த 11 வருடமும் வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. கொழுந்தின் நிறை குறைந்து ‘அரைப் பேர்’, அதாவது அரை நாள் சம்பளம், விழவும் கூடாது.

சரி, கனடா வேண்டாம். உள்ளூரில் படிக்கலாமே?

படிக்கலாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பின்தங்கிய 16 மாவட்டங்களில் பதுளையும் மொனராகலையும் உண்டு. ஊவா முழுவதும் பின்தங்கியது என்று அரசே முத்திரை குத்தியிருக்கிறது. ஆனால் பின்தங்கியது மாவட்டமாம். தோட்டம் என்று ஒன்று அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆய்வுகூடமும் ஆங்கில ஆசிரியரும் உள்ள நகரத்துத் தேசிய பாடசாலைக்கும், இரண்டும் இல்லாத மலையுச்சிப் பாடசாலைக்கும் ஒரே வரிசை. ஒரே வெட்டுப்புள்ளி. பின்தங்கியவன் பெயரில் இடம் வருகிறது. முன்னால் நிற்பவன் எடுத்துக்கொள்கிறான். இதற்குப் பெயர் சமவாய்ப்பு.

பதுளையிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸ, 2005இல் வந்தது. அங்கே சட்ட பீடம் இல்லை. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பெறுமதி சேர்ப்புக்கும் பட்டப்படிப்பு உண்டு. இலைக்குப் பெறுமதி சேர்க்க விரிவுரையாளர் இருக்கிறார். பறிக்கும் கைக்குப் பெறுமதி சேர்க்கும் பாடம் எந்தத் துறையில் வரும் என்று இன்னும் முடிவாகவில்லை போலும்.

மிச்சம் இருப்பது கொழும்பு புதுக்கடையின் சட்டக் கல்லூரி. 1874இல் தொடங்கியது. இங்கே ஒரு கூத்து நடந்தது. 2020 டிசம்பர் கடைசியில் ஒரு வர்த்தமானி: இனிப் பரீட்சை ஆங்கிலத்தில் மட்டும். ஆங்கிலம் வேண்டாம் என்று தோட்டத்தில் யார் சொன்னது? வாசலில் ஆங்கிலம் கேட்கிற அரசு, வகுப்பறைக்கு ஆசிரியரை அனுப்பியதா? 2023 மார்ச்சில்தான் அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 113 பேர். ஆதரவாக ஒருவர். தாய்மொழி காப்பாற்றப்பட்டது. காப்பாற்றிய 113 பேரில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளைத் தாய்மொழியில் சட்டம் படிக்க வைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சிறப்புரிமை மீறல் என்பார்கள்.

சட்டம் எங்களுக்குப் புதிது என்றும் நினைக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக எழுந்து போனார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். கரும்பை முறிப்பதுபோல ஆளுக்குப் பாதி. எங்கள் தரப்பில் ஒரு வக்கீலும் அந்த மேசையில் இல்லை.

இன்றும் பெரிய வித்தியாசமில்லை. தமிழ் அரசகரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் வர்த்தமானிப்படி இருமொழிப் பிரிவுகள். ஆனால் அங்குள்ள நீதிமன்றத்தின் பதிவு மொழி சிங்களம். தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்பதையே கொழுந்து பறிப்பவள் மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்கிறாள். அவருக்கு அன்று சுகமில்லையென்றால் தவணை. தவணைக்கு வந்த நாளுக்குப் பேர் இல்லை.

வக்கீல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024இல் நாள் சம்பளம் 1700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. பட்டாசு வெடித்தது. அமைச்சர்கள் மாலை போட்டுக்கொண்டார்கள். தோட்டக் கம்பனிகள் பட்டாசு வாங்கவில்லை. தங்கள் வாய்ப்பைக் கணித்தார்கள், உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். சரியாகவே கணித்திருந்தார்கள். ஜூலையில் இடைக்காலத் தடை. செப்டெம்பரில் அதே சம்பளம் 1350 ஆகத் திரும்பி வந்தது.

வித்தியாசம் 350 ரூபாய். ஓர் ஆளுக்கு, ஒரு நாளுக்கு. வக்கீல் கட்டணம் போகக் கம்பனிக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட நல்ல மூளை வேண்டும். அந்த மூளையுள்ள பிள்ளை நமுனுகுலைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டப் பாடசாலையில், கணித ஆசிரியர் இடமாற்றத்தில் போன வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.